கண்டவர் சாட்சியும் கோல் கணக்கும்: செல்டிக் ரசிகர்களின் ஒரு தீர்ப்பு

கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில் இதுவரை ஆடியவர்களுள் தலைசிறந்தவர் யார் என்று 2002-இல் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, வலது விங்கில் ஆடிய ஜிம்மி ஜான்ஸ்டன் தேர்வானார். இத்தகைய தேர்வுகளை வெறும் பாசத்தின் வெளிப்பாடு என்று ஒதுக்குவது விளையாட்டு ஆய்வில் எளிதாகிவிட்டது. அதை நான் ஏற்கவில்லை. ரசிகர்களின் வழக்காடலுக்குச் சான்று முறை உண்டு. அந்த முறையின் வலிமையும் குறையும் செல்டிக்கின் தீர்ப்பில் தெளிவாகத் தெரிகின்றன.

கோல் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் போட்டியே இல்லை. ஜிம்மி மெக்ரோரி 445 ஆட்டங்களில் 460-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தவர். ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் அதிகம். ஜான்ஸ்டன் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அடித்தவை ஏறத்தாழ 130. அண்மை நினைவே வென்றது என்றும் சொல்ல முடியாது. 2000-01 பருவத்தில் 35 லீக் கோல்களுடன் ஐரோப்பியத் தங்கக் காலணியை வென்ற ஹென்ரிக் லார்சன் வாக்கெடுப்பு நடந்தபோது அதே கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். கோப்பைப் பெருமையும் விடையாகாது. 1967 மே 25 அன்று லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வென்றது பதினொருவர் கொண்ட அணி. அவர்கள் அனைவரும் கழக மைதானத்திலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவுக்குள் பிறந்தவர்கள். தலைவராகக் கோப்பையை ஏந்தியவர் பில்லி மெக்நீல்.

அப்படியிருக்க ஜான்ஸ்டன் ஏன்? அவருக்காக வாதிடுவோர் எண்களைச் சொல்வதில்லை, ஆட்டங்களைச் சொல்கிறார்கள். 1968 நவம்பரில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியுடன் நடந்த ஆட்டம் அவர்கள் வாயில் அடிக்கடி வரும். விமானப் பயணம் என்றால் ஜான்ஸ்டனுக்குப் பெரும் அச்சம். இடைவேளையில் ஆட்டம் 1-1 என்றிருந்தது. நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் மறு ஆட்டத்துக்கு நீ பெல்கிரேடுக்குப் பறக்க வேண்டியதில்லை என்று மேலாளர் ஜாக் ஸ்டீன் அவருக்கு வாக்குக் கொடுத்தார். முடிவு 5-1, இரண்டு கோல் ஜான்ஸ்டனுடையவை. 1970-இல் ஹாம்ப்டன் பார்க்கில் லீட்ஸுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியை 1,36,000-க்கும் மேற்பட்டோர் கண்டனர். அன்று இங்கிலாந்தின் பேர்பெற்ற இடது தடுப்பாட்டக்காரரான டெரி கூப்பரை அவர் திரும்பத் திரும்பத் தாண்டிச் சென்றதைக் கோல் பட்டியலில் தேடினால் கிடைக்காது. எதிராளியை இடப்பக்கம் சாய்த்து வலப்பக்கம் நழுவும் திறன் பார்த்தவர் கண்ணில்தான் பதிகிறது.

ஆகவே கண்ட சாட்சியத்துக்கு ரசிகர்கள் முதலிடம் தருவதை அறியாமை என்று நான் கருதவில்லை. ஒரு விங்கரின் பெறுமானத்தை அதைவிட நேராகச் சொல்லும் சான்று அன்று வேறு இல்லை. 1967-இல் ஐரோப்பியச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கில் அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்ததும், வெளியாரும் அதையே கண்டார்கள் என்பதைக் காட்டுகிறது.

சிக்கல் மெக்ரோரியிடம் வருகிறது. அவர் ஆட்டத்தை விட்டது 1937-இல். அந்த ஆண்டு பத்து வயதுச் சிறுவனாக அவரைப் பார்த்தவருக்கும் 2002-இல் 75 வயது. சாட்சிகள் ஏறக்குறைய இல்லாத ஒருவரை, சாட்சிகள் நிறைந்த ஒருவரோடு ஒரே அவையில் நிறுத்தினால் வழக்கு தொடங்கும் முன்பே சாய்ந்துவிடும். 1928-இல் கழகமே அவரை ஆர்சனலுக்கு விற்க முயன்றது. அவர் போக மறுத்தார். அதன் விளைவாகச் சக ஆட்டக்காரர்களைவிடக் குறைந்த கூலிக்கு ஆடினார். விசுவாசத்தைப் பெரிதாகப் போற்றும் ஒரு ரசிகர் கூட்டம் இதற்கு உரிய எடை தராதது எனக்கு வருத்தம் தருகிறது.

என் நிலைப்பாடு இதுதான். சாட்சிகள் உயிரோடிருக்கும் வரை எண் துணைச்சான்று. சாட்சிகள் மறைந்தபின் அதுவே முதன்மைச் சான்றாக உயர வேண்டும். மெக்ரோரிக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் கணக்கும் செய்தித்தாள் வரிகளும்தான். அவற்றை ஜான்ஸ்டனுடைய கணக்கோடு ஒப்பிடுவது முறையல்ல. மெக்ரோரி காலத்து மற்ற முன்கள வீரர்களின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் அவர் முதல் வரிசைக்கு வருவார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதே விதி இனி ஜான்ஸ்டனையும் தொடும். அவர் 2006-இல் மறைந்தார். ஹாம்ப்டனில் அவரைக் கண்டவர்களும் குறைந்துவருகிறார்கள். லிஸ்பன் ஆட்டம் படச்சுருளில் இருக்கிறது. ஆனால் அவருடைய சாதாரணச் சனிக்கிழமை ஆட்டங்களில் பெரும்பாலானவை இல்லை. லார்சனுக்கோ 315 ஆட்டங்களில் 242 கோல்களும், 2003-இல் செவியாவில் போர்ட்டோவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தலையால் அடித்த இரண்டு கோல்கள் உட்பட ஏராளமான காணொளிகளும் உள்ளன. நாளை மீண்டும் வாக்கெடுத்து லார்சன் வென்றால், ஜான்ஸ்டனின் ஆட்டம் மறுமதிப்பீட்டில் தாழ்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.