ஐட்யூன்ஸ் கடை: முற்றுரிமையா, இல்லையா?

ஒரே விற்பனையாளர், மாற்றுப் பொருள் கிடையாது, புதியவர் நுழைய வழியில்லை. முற்றுரிமைக்குப் பாடநூல் தரும் இலக்கணம் இவ்வளவுதான். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடையை இதில் பொருத்தினால் கொஞ்சம் இடிக்கிறது.

2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் கடை திறந்தது. இரண்டு லட்சம் பாடல்கள், ஒன்று 99 சென்ட். அதே பாட்டு சிடியாக எல்லாக் கடையிலும் கிடைத்தது. அப்புறம் எப்படி முற்றுரிமை?

விஷயம் பூட்டில் இருந்தது. விற்ற பாடல்களுக்கு 'ஃபேர்பிளே' என்ற பூட்டு. அதை வேறு கம்பெனி பிளேயரில் நேரடியாக ஏற்ற முடியாது, ஐபாட்தான் வேண்டும். சிடியில் எழுதித் திரும்ப ஏற்றலாம்தான், நூறு பாட்டுக்கு யார் உட்கார்ந்து செய்வார்கள்? 2004-ல் ரியல்நெட்வொர்க்ஸ் தான் விற்ற பாடல்களையும் ஐபாடில் ஓட வைத்தது. ஆப்பிள் மென்பொருளை மாற்றி அதைத் தடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், திருட்டுக்குப் பயந்து பூட்டு கேட்டதே இசை நிறுவனங்கள்தான்! சாவி ஆப்பிளிடம் போனபின் விலையைக்கூட அவர்களால் கூட்ட முடியவில்லை. 2007-ல் சில நிறுவனங்கள் பூட்டில்லாத எம்பி3-ஐ அமேசானுக்குக் கொடுத்தன, அடுத்த ஆண்டு மற்றவையும் சேர்ந்தன. 2009-ல் ஆப்பிளும் பூட்டை முழுதாகக் கழற்றியது. கூடவே 69, 99, 129 சென்ட் என மூன்று விலை வந்தது.

வாடிக்கையாளர்கள் 2005-ல் தொடங்கிய வழக்கு 2014 டிசம்பரில்தான் ஓக்லாந்தில் ஜூரியிடம் போனது. ஐட்யூன்ஸ் 7.0 உண்மையான மேம்பாடுதான் என்றார்கள், ஆப்பிள் ஜெயித்தது. ஐபாட் கிளாசிக் விற்பனை அதற்கு மூன்று மாதம் முன்பே நின்றிருந்தது.