மோரே சாலை

மூலக்குளத்தின் பிழைப்பு விழுப்புரம் சாலையோடு பின்னிக் கிடப்பதை இவ்வூரார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சாலை பிழைப்பை மட்டுமே கொண்டுவருவதில்லை. இதற்குச் சான்றாக, தமிழர் வாழும் வேறோர் ஊரை ஈண்டு நினைவுகூர்கிறோம்.

அது மணிப்பூர் மாநிலத்தின் எல்லையூரான மோரே. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, வணிகம் அரசுடைமையான பின்னர், அங்கு வாழ்ந்த தமிழர் பெருந்தொகையாகத் தாயகம் திரும்பினர். அவர்களுள் சிலர், பிறந்து வளர்ந்த மண்ணை மறக்கவியலாமல் மீண்டும் பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடைபட்டு, மோரேயிலேயே குடியமர்ந்தனர். கோயில் எழுப்பினர், தமிழ்ச் சங்கமும் கண்டனர். அவ்வூரிலிருந்து இம்பால் நகருக்குச் செல்லும் சாலையில், 1980களில், வணிகச் சரக்கோடு ஹெராயினும் பயணம் செய்தது. 'நான்காம் எண்' என்பது அதன் வழக்குப் பெயர். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அச்சரக்கு மலிவானது, தூய்மை மிகுந்தது, நீரில் எளிதில் கரைவது. ஆகவே புகைப்பதைவிட ஊசியே இளைஞர்க்கு வசதியாயிற்று.

எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் 1986இல் சென்னையிலேதான் முதலில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டனர். சென்னையில் அது பாலுறவு வழியே பரவியது. மணிப்பூரின் கதை வேறு. 1989 அக்டோபரில் ஊசி போட்டுக்கொள்வோரிடம் எடுத்த இரத்தத்தில் அங்கே முதன்முறையாக அது தென்பட்டது. அதற்குச் சற்று முன்புவரை ஒருவருக்கும் இல்லாதிருந்த தொற்று, ஆறு மாதங்களுக்குள் சோதிக்கப்பட்டோரில் பாதிப்பேரைப் பற்றிவிட்டது!

இதனை ஒழுக்கக்கேடு என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் போதைக்கு அடிமையானோர் எந்நகரிலும் உண்டு. இத்துணை விரைவு எங்கிருந்து வந்தது? காவல்துறை கெடுபிடி செய்தது. மருந்துக் கடைக்காரர் ஊசி விற்கத் தயங்கினர். கையில் ஊசியோடு பிடிபட்டால் சிறை. எனவே மை ஊற்றும் சொட்டுக்குழாயில் ஓர் ஊசியைச் செருகி, மறைவிடங்களில் பலர் மாறி மாறிப் பயன்படுத்தினர். தீமையை விரட்ட எண்ணிய சுற்றமே தீமைக்கு வழி கோலியது என்பதுதான் இவ்வரலாற்றில் நம்மை உறுத்துவது.

மேலைநாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், மியூர்ஹவுஸ் என்னும் ஏழைக் குடியிருப்பில், டாக்டர் ராய் ராபர்ட்சன் குழுவினர் 164 பேரைச் சோதித்தபோது 51 விழுக்காட்டினர்க்குத் தொற்று இருந்ததை 1986இல் வெளியிட்டனர். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்திலுள்ள கிளாஸ்கோவிலோ அந்நாளில் அது மிகச் சிறிய அளவே. அதே நாடு, அதே மருந்து, அதே வறுமை. எடின்பரோவில் புது ஊசி வாங்கும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

மணிப்பூர் இதனை உணரச் சில ஆண்டுகள் ஆயின. 1990களின் நடுவில், சுராசாந்பூரில் 'ஷாலோம்' என்னும் கிறிஸ்தவப் பணியமைப்பு ஊசி போடுவோரைத் தேடிச் சென்று, பழைய ஊசியைப் பெற்றுப் புதிய ஊசி கொடுத்தது. பாவத்துக்குத் துணைபோவதா என்று கேட்டோர் இருந்திருப்பர், அக்கேள்வி அற்பமானதன்று. ஆயினும் உயிரோடிருப்பவனே திருந்தவும் முடியும். 1996இல் மாநில அரசும் இவ்வழியைத் தன் எய்ட்ஸ் கொள்கையில் ஏற்றது. பின்வந்த ஆண்டுகளில் அங்கு ஊசி போடுவோரிடையே தொற்று பெரிதும் தணிந்தது.

அண்டை மாநிலமாகிய மிசோரமும் பர்மா எல்லையிலேயே உள்ளது. மக்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்; தெருத்தோறும் ஆலயம்; 1997இல் மதுவிலக்கும் வந்தது. 2017 மதிப்பீட்டின்படி அங்கு வயது வந்தோரில் 2.04 விழுக்காட்டினர்க்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. நாட்டின் மாநிலங்களுள் அதுவே மிகுதி.