சேதுவழிச் சோறு

ஆற்றங்கரையில் ஓர் அமைதியான போஜனசாலை, சாளரத்தருகே ஒரு மேசை, எதிரே விரிந்த நீர்ப்பரப்பு என்று இக்காலத்துப் பிரயாணி மனத்தில் வரைந்துகொள்ளும் சித்திரத்தைச் சாயல்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை நோக்கி அமர்ந்திருக்கும் மாரியூரில் தேடிச் செல்பவர் ஏமாந்தே திரும்புவார். கடலும், மணலும், கரையோரத்திலே பூவேந்தியநாதர் ஆலயமும், பனங்கூட்டமும், உச்சி வெயிலில் கண்ணைப் பறிக்கும் உப்பளங்களுமே அவ்வூரின் செல்வம். ஆறு என்று சொல்லத்தக்கது மூக்கையூர்ப் பக்கம் கடலைச் சேரும் குண்டாறு. அதுவும் வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடப்பது. ஆயினும் நீர்க்கரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் இந்தச் சீமைக்குப் புதிதன்று. அதற்கு நெடிய சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் இயற்கைக் காட்சி கடைசியாக வந்து சேர்ந்த சங்கதி, முதலில் வந்தது குடிநீர்.

இராமநாதபுரம் சீமையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையைக் கடந்து வரும் வைகையே இங்கே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. பெருவெள்ளம் வந்த வருஷங்களில் மட்டுமே அதன் மிச்சம் ஆற்றங்கரை என்னும் கிராமத்தருகே கடலைக் காண்கிறது. கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீர். ஆகவே கடலோரக் கிராமங்களில் பெண்கள் மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி பறித்து, முதலில் கலங்கி ஊறும் நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி தெளிந்து ஊறும்வரை குடத்தின் அருகே குந்தியிருந்து, அடியில் மணல் கிளம்பாதவாறு சிரட்டையால் மெல்ல மொண்டு மொண்டு நிரப்புவார்கள். ஆத்திரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்த சாஸ்திரம். இப்படிப்பட்ட பூமியில் ஒருவன் எங்கே உட்கார்ந்து சோறு உண்பான் என்பதை அவனுடைய ரசனையா நிர்ணயிக்கும்? ஊருணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடுப்பு மூட்ட முடியும். அடுப்பு எங்கேயோ அங்கேதான் இலை.

சேது யாத்திரை என்னும் மகத்தான வழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அமைப்பு தெளிவாக விளங்கும். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து இராமேசுவரத்துக்கு வந்தவர்களும், சேதுவில் நீராடி அங்கிருந்து மணலை எடுத்துக்கொண்டு காசிக்குப் புறப்பட்டவர்களும் கால்நடையாக நடந்த வழி இது. மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கத் தேவரை இந்தச் சீமைக்கு அதிபதியாக்கியபோது, யாத்திரிகர்களைக் கள்வர் பயமின்றிச் சேதுவுக்குக் கொண்டு சேர்ப்பதே அவருக்கு இட்ட தலையாய கடமை என்று வரலாறு கூறும். சேதுகாவலர் என்ற விருது வெறும் அலங்காரமன்று. கள்வனிடமிருந்து காப்பது பாதிக் காவல்; பசியிலிருந்தும் தாகத்திலிருந்தும் காப்பது மற்றப் பாதி. எனவே அவர் வழிவந்த சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்களும் மடங்களும் அமைத்து, அவற்றின் அன்னதானத்துக்கென்று கிராமங்களைச் சர்வமானியமாக விட்டார்கள்.

பாம்பன் தீவில் இன்று இரண்டு ஊர்களின் பெயராக நிலைத்துவிட்ட அக்காள்மடமும் தங்கச்சிமடமும் அப்படி எழுந்தவையே. 1710-ம் ஆண்டில் பட்டத்துக்கு வந்த விஜய ரகுநாத சேதுபதியின் மருமகன், தீவுக்குச் செல்லும் யாத்திரிகர்களிடம் தோணித்துறையிலே காசு பறித்தான் என்ற குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றான் என்றும், அவனை மணந்திருந்த சேதுபதியின் புதல்வியர் இருவரும் உடன் தீப்புகுந்தனர் என்றும், அவர்கள் நினைவாகத் தந்தை எழுப்பிய தர்மங்களே இவை என்றும் கூறுவர். யாத்திரிகனின் மடியில் கை வைத்தவன் மருமகனானாலும் தப்பவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கதையில் படுவது, ஒரு தகப்பனுக்குத் தன் துக்கத்தை இறக்கி வைக்க அன்னசாலையைத் தவிர வேறு வழி தோன்றாத அக்காலத்தின் மனோபாவமே.

சத்திரத்துக்குள்ளே என்ன நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிக அருமையான சாட்சியம் சேதுபதி சீமையிலிருந்து அல்ல, வடக்கே அடுத்திருந்த தஞ்சையிலிருந்து வருகிறது. 1799-ல் ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டைக்குள் அடங்கிய சரபோஜி மன்னர், இராமேசுவரம் செல்லும் வழியிலிருந்த தம் முன்னோரின் சத்திரங்களையாவது தம் கையில் விட்டுவைக்கும்படி 1801-ல் ரெஸிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தானம் செய்பவர் தன் தானத்தை விவரிப்பது நம் மரபில் அரிது. ஆனால் பறிபோய்விடுமோ என்ற அச்சம் அவரை விவரிக்க வைத்தது. அந்தணர் முதல் பறையர் ஈறாக வந்த வழிப்போக்கர் யாவருக்கும் சோறு; சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மிளகு முதலிய சாமான்களும்; நடுநிசியில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைத்த பின்னரே அன்றைய அடுப்பு அணையும். குழந்தைகளுக்குப் பால். நோயாளிக்கு மருந்தும், அவன் நோய்க்கேற்ற பத்தியச் சாப்பாடும், நடமாடும் வலிமை வரும்வரை இருக்க இடமும். சத்திரத்திலே பிரசவித்த பெண்ணுக்கு மூன்று மாதம் அங்கேயே வாசம். வழியில் அநாதையான பிள்ளைகளை உபாத்தியாயரிடம் ஒப்படைத்து, மூன்று வேளைச் சோறும், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும். இறந்தவனுக்கு அவனவன் ஜாதி ஆசாரப்படி ஈமக்கிரியை.

அந்த நள்ளிரவு மணியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை. வந்தவனுக்குச் சோறு போடுவது தர்மம். வராதவனைக் கூவி அழைத்துப் போடுவதற்கு வேறு பெயர்தான் தேட வேண்டும். மறு ஆண்டே, 1802-ல், தம் காதற்குரிய முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் மன்னர் பெரிய சத்திரம் ஒன்றைக் கட்டினார். இராஜ்யம் போன பிறகும் ஒரு மன்னர் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்த காரியம் அதுதான் போலும்.

இத்தனை சொல்லியும் சத்திரத்தைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது சரியாகாது. சோறு எல்லோருக்கும் என்றாலும் பந்தி ஒன்றல்ல. சமைப்பவன் யார், எந்தத் தாழ்வாரத்தில் யார் இலை, யார் வாசலுக்கு வெளியே துணியில் அரிசி ஏந்த வேண்டியவர் என்ற கணக்கெல்லாம் ஒவ்வொரு சத்திரத்துச் சுவரிலும் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது. 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தர், இராமேசுவரம் ஆலயத்தில் நின்று, ஏழையிடத்தும் நலிந்தவனிடத்தும் சிவனைக் காண்பதே வழிபாடு என்று பேச, அதைக் கேட்ட பாஸ்கர சேதுபதி மறுநாள் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு அன்னமும் வஸ்திரமும் அளித்தார். சேதுபதிகளின் பழைய தர்மத்துக்கு அந்தப் பேச்சு ஒரு புதிய திசையைக் காட்டியது என்றே கொள்ள வேண்டும். க்ஷேத்திரத்துக்கு வந்த யாத்திரிகனை விட்டு, க்ஷேத்திரத்திலேயே பசித்துக் கிடந்தவன் பக்கம் அது கை நீட்டியது.

மாரியூருக்குக் கிழக்கே சில காதம் போனால் வாடை மாறும். ஏர்வாடி தர்காவில் கந்தூரிக்கு நேர்ச்சையாக ஆக்கும் சோறும், கீழக்கரையில் அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் அடுப்பை விட்டு நகராமல் கிண்டி இறக்கும் தொதலும் கடல் கடந்து வாணிகம் செய்த மரக்காயர் வீடுகளின் கைவண்ணம். கிழவன் சேதுபதியின் காலத்தவரான சீதக்காதி வள்ளலின் ஊர் அது. பஞ்சத்திலும் அவருடைய கதவு அடைபடவில்லை; செத்தும் கொடுத்தான் என்று ஜனங்கள் சொல்லி வருவதோ, இறந்த பின்னும் அவர் கை புலவர் ஒருவருக்கு மோதிரம் அளித்தது என்னும் கதையை நினைத்துத்தான்.

சத்திரம் யாத்திரிகனுக்கு; உள்ளூர்க் குடியானவனுக்கும் பரதவனுக்கும் நீர்க்கரை விருந்து என்பது திருவிழா. மாரியூரில் சித்திரைத் திருவிழாவின்போது வலைவீசும் படலம் நடக்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடல்களுள் ஒன்றான அந்தக் கதையில், சாபத்தால் பரதவர் குலத்தில் மகளாக வளர்ந்த அம்பிகையை மணக்க ஈசன் வலைஞனாக வந்து, கடலைக் கலக்கிய சுறாவைப் பிடிக்கிறான்; பவளநிறவல்லி உடனுறை பூவேந்தியநாதரின் சந்நிதியில் அதைக் கடலோரத்திலேயே நடித்துக் காட்டுகிறார்கள். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் வந்து கூடுகிறார்கள். மணலே சபை, மணலே பந்தி.

சித்ரா பௌர்ணமியன்று புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு, துவையலும் வடகமும் துணையாக, ஆற்று மணலில் வட்டமாக உட்கார்ந்து நிலாச்சோறு உண்ணும் வழக்கம் தாமிரபரணி, வைகைக் கரையெங்கும் இருந்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையைப் படித்தவர்கள், காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் பண்டம் விற்போரும் அப்பம் சுடும் கூவியரும் மீன் விற்கும் பரதவரும் ஏற்றி வைத்த விதவிதமான விளக்குகளின் வரிசையை மறந்திருக்க மாட்டார்கள். இரவில், நீர் விளிம்பில், விலைக்கு வாங்கி உண்ணும் உணவு அன்றே நகரத்தில் இருந்தது என்பதற்கு அது சான்று. கிராமத்துக் கரைதான் விலையை வெகுகாலம் அறியாதிருந்தது.

பாத்திரம் என்ன என்று கேட்கலாம். வாழை வளராத கரையில் இலைக்கு எங்கே போவது? சாயல்குடிப் பக்கத்துக் காடு முழுக்கப் பனைதான். ஒரு குருத்தோலையை விரித்துப் பிடித்து, இரு முனைகளையும் சேர்த்து மடக்கி, அதன் ஈர்க்கையோ ஓலைக்கிழிசலையோ கொண்டே கட்டிவிட்டால் தோணி போன்ற பட்டை ஒன்று தயார். காலையில் அதிலே பதநீர், மதியம் கஞ்சி, திருவிழாவில் சோறும் குழம்பும். சூடான சோறு விழுந்ததும் பச்சை ஓலையிலிருந்து எழும் மணத்துக்கு ஈடான மணத்தை எந்த வெள்ளித்தட்டும் தந்ததில்லை.

இலையில் முதலில் வைப்பது உப்பு. அந்த உப்பு விளையும் கரையில் அதைக் கையால் வாரியெடுப்பதே குற்றமாக இருந்த காலமும் இருந்தது. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ராஜாஜி நடத்திய யாத்திரையைப் பற்றி இங்கே சொல்லாமலிருக்க முடியாது. காவிரிக் கரையோரமாக நடந்து வந்த தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். வழிப்போக்கனுக்கு நடுநிசியில் மணியடித்துச் சோறிட்ட ஜில்லாவில் இப்படி ஓர் உத்தரவு! ஜனங்கள் சட்டத்தை எதிர்த்துக் கூச்சலிடவில்லை. சோற்றைப் பொட்டலங்களாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சோறிட்டவன் யார் என்று மரத்தைக் கேட்டா தெரிந்துகொள்வது?

சத்திரத்தின் காலம் முடிவதற்குக் காரணம் சட்டமன்று, இரயில். 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை வண்டியும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. பல நாள் நடந்து கடந்த வழி ஓர் இரவாகச் சுருங்கிய பிறகு, இடையிலுள்ள ஊருணியும் அதன் கரைச் சத்திரமும் யாருக்கு வேண்டும்? பல சத்திரங்கள் ஜில்லா போர்டுகளின் நிர்வாகத்துக்குப் போய், பள்ளிக்கூடங்களாகவும் கச்சேரிகளாகவும் உருமாறின. அதே மண்டபம் ஊரில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து நாள்கணக்கில் அடைத்துவைத்துச் சோறு போட்ட முகாமும் இருந்தது. கடலைப் பார்த்தபடி உண்ட அந்தச் சோற்றை யாரும் விருந்தாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இரயிலோடு விலைச்சோறும் வந்தது. சோற்றை விற்பது பாவம் என்று நம்பிய ஜனசமூகம், காபி கிளப்பின் வாசற்படியில் முதலில் தயங்கி நின்று, பிறகு பழகிக்கொண்டது. சத்திரத்துப் பந்தி பேதமும் சிற்றுண்டிச்சாலைக்கு இடம் பெயர்ந்தது. தென்னிந்திய இரயில்வே சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-ல்தான் ஒழிந்தது. விலைச்சோறு அன்னதானத்தைக் காட்டிலும் தாழ்ந்தது என்று பெருமூச்சு விடும் பெரியவர்களோடு என்னால் முழுவதும் உடன்பட முடியவில்லை. காசு கொடுத்தவன் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. அதுவும் ஒரு பெரிய சௌகரியம். அந்த இரயில் பாதையின் கடைசி நிலையமான தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோனபின், கடலோரம் உண்பதற்கென்று வருபவர் நெடுங்காலம் இராமேசுவரத்தோடு நின்றிருந்தனர்.

ஆற்றையும் காட்சியையும் சோற்றையும் ஒருசேரத் தேடுபவருக்கு இன்று இந்த ஜில்லாவில் காட்டக்கூடிய இடம் மாரியூர் அன்று. தொண்டிக்குத் தெற்கே உள்ள காரங்காடு. கோட்டைக்கரையாறு கடலில் கலக்கும் இடத்திலே அலையாத்திக் காடு அடர்ந்து நிற்கிறது. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அங்கே படகு விடுகிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஊர்ப்பெண்களே நண்டும் இறாலும் மீனும் சமைத்துத் தருகிறார்கள். நண்டுச் சாற்றில் மிளகு சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பதைச் சளிப்பிடித்தவர்கள் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.