கோத்தாகெடேயில் தங்குதல்: ஜாவாவின் பழைய தலைநகர் ஒன்றை அணுகும் முறை

இந்தியவியல் மாணவர்கள் ஜாவாவுக்குக் கல்விப் பயணம் மேற்கொள்ளும்போது பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கின்றனர். ஜோக்ஜாகர்த்தா நகரின் மாலியோபோரோ வீதியருகே ஒரு விடுதி, ஒரு நாள் போரோபுடூர், மறுநாள் பிரம்பானான், பின்னர் வீடு திரும்புதல். இத்திட்டத்தில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்கோயில்களைக் கண்டு திரும்பும் மாணவன், அவற்றுக்குப் பிற்பட்ட ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கால ஜாவாவை ஏறெடுத்தும் பாராது வந்துவிடுகிறான். நகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோத்தாகெடே என்னும் புறநகரில் தங்குவதே இக்குறையைப் போக்கும் வழி என்பது என் கருத்து. எப்படித் தங்குவது என்பதை அவ்வூரின் வரலாறே வகுத்துத் தருகிறது.

'கோத்தா' என்னும் சொல் நம் நாட்டு வாசகர்க்குப் புதிதன்று. வடமொழி வழியாக மலாய்க்கும் ஜாவானியத்துக்கும் வந்த இச்சொல் தமிழின் 'கோட்டை'யோடு உறவுடையது. 'கெடே' என்பது பெரியது எனப் பொருள்படும் ஜாவானியச் சொல். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஜாங் அரசரிடமிருந்து மெந்தாவோக் காட்டைக் கொடையாகப் பெற்ற கி அகெங் பெமானாஹான் இங்குக் குடியிருப்பை அமைத்தார் எனவும், அவர் மைந்தர் பானெம்பாஹான் செனோபதி அதனை மத்தாராம் அரசின் தலைநகராக்கினார் எனவும் ஜாவானிய வரலாற்று நூல்களான பாபாட்கள் கூறுகின்றன. இவை பிற்காலத்தில் எழுதப்பட்டவை. செனோபதியின் புகழ் பாடும் நோக்கமும் அவற்றுக்கு உண்டு. செனோபதி 1601-இல் மறைந்தார். 1613-இல் அரியணையேறிய அவர் பேரர் சுல்தான் அகுங் தலைநகரை வேறிடத்திற்கு மாற்றினார். அரசவை அகன்றது, கல்லறைகளும் சந்தையும் கைவினைஞரும் எஞ்சினர்.

இவ்வாறு எஞ்சியவையே இன்றைய ஊர். குறுந்தெருக்களின் பெயர்களைக் கேட்டாலே பழைய தலைநகரின் வரைபடம் கிடைத்துவிடும். பாண்டெயான் கொல்லர் தெரு. சாயாங்கான் செம்புக் கன்னார் தெரு. சாமாக்கான் தோல் பதனிடுவோர் தெரு. மெராங்கென் கிரிஸ் என்னும் குத்துவாளுக்கு உறை செய்வோர் தெரு. அலுன்-அலுன் என்னும் குடியிருப்பில் இன்று திறந்தவெளி எதுவும் இல்லை, பெயர் மட்டும் அரண்மனை முற்றத்தை நினைவூட்டுகிறது. பிற்காலத்தில் ஊரின் புகழுக்குக் காரணமான வெள்ளிவேலையைச் சுற்றுலாக் கையேடுகள் விரிவாகச் சொல்வதால் நான் விடுக்கிறேன்.

தங்கும் நாள்களைக் கணக்கிடும்போது நம் ஏழு நாள் வாரம் போதாது. ஜாவானியர்க்கு லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவொன் என ஐந்து நாள் சந்தை வாரமும் உண்டு. கோத்தாகெடேயின் சந்தைக்கே பாசார் லெகி என்று பெயர். லெகி நாளன்று அது தெருவெங்கும் வழிந்தோடும். சனி, ஞாயிறு மட்டும் தங்குபவர் அதைக் காணாமலே திரும்பக்கூடும். ஐந்து நாள் தங்குபவர்க்கு ஒரு லெகி உறுதி. ஏழு நாள் வாரமும் ஐந்து நாள் வாரமும் இணைந்து 35 நாளுக்கு ஒருமுறை வரும் வெள்ளிக் கிளிவொனின் முந்தைய இரவில் கல்லறைத் தலத்துக்கு மக்கள் திரள்வர். அதையும் காண விழையும் ஆய்வாளர் முப்பத்தைந்து நாள் தங்கினால் போதும். 1633-இல் சுல்தான் அகுங் சக ஆண்டின் எண்ணைக் கைவிடாமலேயே இஸ்லாமியச் சந்திர மாதங்களை ஏற்றுப் புதிய நாள்காட்டி வகுத்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கல்லறைத் தலமும் அதனை ஒட்டிய பெரிய பள்ளிவாசலும் ஊரின் இதயம். அங்குச் செல்லச் செங்கல்லாலான பிளவுபட்ட வாயில்களையும் கூரையுடைய வாயில்களையும் கடக்க வேண்டும். முதன்முறை அவற்றைக் கண்டபோது, 'இந்து எச்சம்' என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அது என் துறை எனக்குக் கற்பித்த அவசரம். இவ்வாயில்களைக் கட்டியோர் முஸ்லிம்கள்; தம் அரசர்க்கும் தம் தொழுகை இடத்துக்கும் தம் மண்ணின் கட்டட மொழியிலேயே கட்டினர். குடூஸ் பள்ளிவாசலின் செங்கற் கோபுரமும் இத்தகையதே. அதை எச்சம் என்றழைப்பது, கட்டியவரிடமிருந்து கட்டடத்தைப் பறிப்பதாகும்.

உட்பகுதிக்குச் செல்ல ஜாவானிய உடை அணிய வேண்டும். வாரத்தின் சில நாள்களில் மட்டுமே கதவு திறக்கும். காவலர்களைக் கவனியுங்கள்: ஜோக்ஜாகர்த்தா, சுராகர்த்தா ஆகிய இரு அரண்மனைகளின் ஊழியரும் இருப்பர். 1755-இல் கியாந்தி உடன்படிக்கையால் மத்தாராம் இரண்டாகப் பிரிந்தபோது முன்னோர் கல்லறை மட்டும் இருவர்க்கும் பொதுவாயிற்று. உள்ளே ஒரு கல்லறை பாதி மதிலுக்குள்ளும் பாதி வெளியிலுமாக அமைந்துள்ளது. அது செனோபதியின் மருமகனும் பகைவருமான கி அகெங் மாங்கிருக்குரியது என்பர். மாமனார் அவர் தலையை மோதிக் கொன்றதாக மரபு கூறும் வாத்து கிலாங் என்னும் கல்லும் அருகிலேயே உள்ளது. 'உலகம் இப்படித்தான் செல்கிறது' என்னும் பொருளில் லத்தீன், பிரெஞ்சு, டச்சு, இத்தாலி ஆகிய நான்கு மொழிகளில் யாரோ அக்கல்லில் வட்டமாகப் பொறித்து வைத்துள்ளனர்.

இவ்வூரைப் பற்றி இரு நூல்களையேனும் படித்த பின்னரே பயணப்பைகளைக் கட்டுதல் நன்று. பின்னாளில் டச்சு இந்தியத் துணைத் தலைமை ஆளுநரான வான் மோக் 1926-இல் எழுதிய 'கூத்தா கெடே' ஒன்று. 1970-இலிருந்து இங்குக் களப்பணி செய்த ஜப்பானிய மானிடவியலாளர் மிட்சுவோ நாகாமுரா 1983-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்று. 1912-இல் ஜோக்ஜாகர்த்தாவில் தோன்றிய முஹம்மதியா சீர்திருத்த இயக்கம் இவ்வூரில் வேரூன்றியதை நாகாமுரா ஆராய்ந்தார். அது வெளியிலிருந்து திணிக்கப்பட்டதன்று, ஜாவானிய இஸ்லாத்தின் உள்ளிருந்தே வளர்ந்தது என்பது அவர் முடிபு. வாயிலைப் பற்றி நான் எழுதிய குறிப்பை அடிக்கவைத்தது அந்நூலே.

வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். நான்கு நடுத்தூண்களின்மீது உயர்ந்த கூரை தாங்கும் ஜோக்லோ வீடுகள் இங்கு மிகுதி. 2006 மே 27 அதிகாலை நிலநடுக்கத்தில் ஜோக்ஜாகர்த்தா, நடு ஜாவா பகுதிகளில் 5,700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வூரிலும் பல வீடுகள் சரிந்தன. ஜோக்லோவின் மரச்சட்டகத்தைக் கழற்றி வேறிடத்தில் பொருத்தலாம். பழுதுபார்க்கப் பொருளற்ற குடும்பங்கள் சில அவ்வாறே விற்றன. 2008-ஆம் ஆண்டுக்குரிய அழிவை எதிர்நோக்கும் நினைவிடங்களின் பட்டியலில் உலக நினைவுச்சின்ன நிதியம் இவ்வூரையும் சேர்த்தது. காஜா மாடா பல்கலைக்கழகம் சேதமுற்ற வீடொன்றை வாங்கிச் சீரமைத்துள்ளது.

ஆகவே, நட்சத்திர விடுதியைத் தவிர்த்து, பழைய வீட்டில் அறை தரும் குடும்பம் ஒன்றை நாடுங்கள். அவ்வாடகை கூரையின் ஓட்டுக்குச் செல்லக்கூடும். காலையில் சந்தையோரம் வாழையிலையில் கீப்போ விற்பார்கள்: வெல்லமும் தேங்காயும் உள்ளே வைத்து வாட்டிய, விரலளவுப் பச்சை மாப்பண்டம். 'இக்கி ஓப்போ?', அதாவது 'இது என்ன?' என்று வாங்கியோர் கேட்டுக்கேட்டே அப்பெயர் வந்ததாம்.