பூர்தோன் குழாயும் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடும்

திருப்பூரில் சாயப்பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு பாய்லர் மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடிகாரம் போல வட்ட முகம், ஒரு முள், ஒரு சிவப்புக் கோடு. உள்ளே இருப்பதை ஃபிட்டர்கள் "போர்டன் ட்யூப்" என்பார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது எப்போதும் "பூர்தோன்"தான். எழேன் பூர்தோன் பாரிஸ் நகரத்துப் பொறியாளர். 1849-இல் இந்த மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார்.

நீராவி இயந்திரத்துக்காகச் செய்த சுருள் குழாய் ஒன்று நசுங்கிவிட்டதாம். அதைச் சரிசெய்ய உள்ளே தண்ணீரை அழுத்திச் செலுத்தியபோது சுருளே விரிந்திருக்கிறது. அழுத்தம் கூடினால் தட்டையான வளைகுழாய் விரியும். அதன் நுனியை ஒரு முள்ளோடு இணைத்தால் அழுத்தத்தைக் கண்ணால் படிக்கலாம். குழாயின் மறுமுனையில் எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த குமிழை வைத்துவிட்டால் அதே கருவி சூட்டையும் காட்டும். பழைய மோட்டார் வண்டிகளின் வெப்பமானிகள் பல இந்த வகைதான்.

அதற்கும் முந்திய கார்களில் ரேடியேட்டர் கொதிப்பது ஆவி கிளம்பிய பிறகே தெரியும். 1912 வாக்கில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் வந்தது. ரேடியேட்டர் மூடிமேல் பொருத்திய வெப்பமானி அது. இருக்கையில் இருந்தபடியே பார்க்கலாம். கம்பெனி கொடுக்காத மீட்டரைத் தனியே வாங்கி மாட்டும் வழக்கம் அவ்வளவு பழையது.

1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. கிளட்ச் மிதி கிடையாது. எஞ்சினின் சக்தி எண்ணெய் வழியாகப் போகும். வசதிதான். ஆனால் பின்னால் டிரெய்லரைக் கட்டி மேடு ஏறும்போது எண்ணெய் மோர் கடைவதுபோல் கடையப்பட்டுச் சூடேறும். வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 120-ஐத் தாண்டி ஏற ஏற எண்ணெய் கெடும், ரப்பர் சீல்கள் இறுகும், கடைசியில் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். பிறகு கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான்.

இதற்குப் பல வண்டிகளில் ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். கோப்பில் "அவசரம்" என்று சிவப்புச் சீட்டு ஒட்டி வரும்போது பெரும்பாலும் கெடு முடிந்திருக்கும். அதனால்தான் அங்கே டிரெய்லர் இழுப்பவர்கள் தனி மீட்டர் மாட்டுகிறார்கள். சென்சாரை எண்ணெய்த் தொட்டியில் வைக்கலாம், அல்லது சூடான எண்ணெய் கூலருக்குப் போகும் குழாயில் வைக்கலாம். குழாயில் வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். முள் ஏறத் தொடங்கியதுமே கியரைக் குறைத்து வேகத்தைத் தணிக்கலாம். போதாவிட்டால் ஓரங்கட்டி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவைக்கலாம்.

நம் பக்கம் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியன் பெட்டிகள் ஏற்றிப் போகும் கன்டெய்னர் வண்டிகளும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் லாரிகளும் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. அங்கே டிரைவரின் கண் எஞ்சின் சூட்டு மீட்டரில் இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் இப்போது இங்கும் பெருகிவருகின்றன.

மீட்டர் இல்லாத பாய்லரை ஓட்டக்கூடாது என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி. கியர்பாக்ஸுக்கு அப்படி ஒரு விதி இல்லை. தன் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஓட்டுபவர்தான் கைக்காசு போட வேண்டியிருக்கிறது.