நூலும் அனுபவமும்: ரமணர் மரபில் வேதாந்த நூல்கள் பெற்ற இடம்

சங்கரரின் அத்வைதத்தில் வேதாந்த நூல் வெறும் வழிகாட்டி அன்று, அதுவே பிரமாணம். நிறத்தை அறியக் கண் எப்படியோ, பிரம்மத்தை அறிய உபநிடத வாக்கியம் அப்படி. புலனும் அனுமானமும் அங்கே எட்டா. ஆகவே தகுதி பெற்ற மாணவன் குருவிடம் அமர்ந்து கேட்பது, கேட்டதை ஐயமறச் சிந்திப்பது, அதிலேயே நிலைப்பது என்ற மூன்று படிகளும் நூலைச் சுற்றியே அமைந்தன. இருபதாம் நூற்றாண்டில் இந்த வரிசை தலைகீழானது. அனுபவம் முன்னே நின்றது. நூல் அதற்குச் சாட்சி சொல்ல வந்தது. இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று திருவண்ணாமலை.

அதற்குமுன் தமிழ் வேதாந்தத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். சமஸ்கிருதம் கற்காதவர்களுக்காகத் தமிழிலேயே ஒரு வேதாந்த நூல்தொகுதி உருவாகியிருந்தது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம், ஆளவந்தாரின் ஞானவாசிட்டம், உலகநாத சுவாமிகள் தமிழாக்கிய ரிபு கீதை ஆகியன அவற்றுள் பெயர்பெற்றவை. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோவிலூரில் முத்துராமலிங்க ஆண்டவர் தோற்றுவித்த மடம், இத்தகைய நூல்களை ஒழுங்கு வரிசையில் பாடம் சொல்லும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. எளிய நூலில் தொடங்கி நுட்பமானவற்றுக்கு ஏறவேண்டும். முந்தையது தெளியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. கைவல்ய நவநீதமே குருவும் சீடனும் உரையாடுவதாக அமைந்தது. அதன் முதற் படலம் தத்துவத்தை விளக்குகிறது, இரண்டாவது சந்தேகங்களைத் தீர்க்கிறது. பாடம் கேட்கும் சூழலுக்கென்றே செய்யப்பட்ட நூல் அது.

அச்சு இந்த ஏற்பாட்டைத் தளர்த்தியது. இந்தியர் அச்சகம் வைத்திருப்பதற்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கியபின், சைவ, வேதாந்த நூல்கள் கடைச்சரக்காயின. கைவல்ய நவநீதத்தை ஜெர்மானிய லூத்தரன் அறிஞர் கார்ல் கிரவுல் 1850களிலேயே ஐரோப்பிய மொழிகளில் பெயர்த்து வெளியிட்டார். நூல் கைக்கு வந்தது. கூடவே ஆசிரியர் வரவேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. குருவின்றித் தனியே படிக்கும் தேடலாளர் என்ற புதிய ஆள் தமிழகத்தில் தோன்றியதற்கு மதச் சீர்திருத்தங்களைவிட மலிவுப் பதிப்புகளே பெரிய காரணம் என்று கொள்ள இடமுண்டு.

1879இல் திருச்சுழியில் பிறந்து, பின்னாளில் ரமணர் என அறியப்பட்ட வேங்கடராமன் அப்படி ஒரு தேடலாளரும் அல்லர். மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தபோது விவிலியப் பாடம் கேட்டிருந்தார். வீட்டுக்கு இரவல் வந்த பெரிய புராணத்தைப் படித்து உருகினார். வேதாந்த நூல் எதையும் தொட்டதில்லை. 1896இன் நடுப்பகுதியில் மரண பயம் திடீரெனச் சூழ, உடல் செத்தால் எஞ்சுவது எது என்று உள்நோக்கிய அந்த நிகழ்ச்சிக்குப்பின், செப்டம்பர் 1ஆம் நாள் அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

‘நூலின்றி ஞானம்’ என்ற புகழ் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் இந்நிகழ்ச்சியை உலகறியச் செய்த விரிவான வருணனை, பி. வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதி 1931இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் உள்ளது. பல உரையாடல்களிலிருந்து திரட்டப்பட்ட அதன் சொற்கள் ரமணரின் நேர்ச்சொற்கள் அல்ல என்பதை ஆசிரியரே குறிப்பிடுகிறார். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளி முழுவதும் வேதாந்த நூல்கள் ரமணரைச் சுற்றியே இருந்தன. அனுபவம் நூலுக்கு முந்தியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அனுபவத்தைச் சொன்ன மொழி நூல்களிலிருந்து வந்தது என்பதையும் மறுக்க முடியாது.

அந்நூல்கள் அவரிடம் வந்த விதம் சுவையானது. பணிவிடை செய்துவந்த மலையாளி பழனிசுவாமி தமிழ் வேதாந்த நூல்களைக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டித் திணறுவார். அதைக் காணப் பொறாமல் இளந்துறவி அவற்றைத் தாமே படித்துச் சாரத்தைச் சொல்வார். விவேக சூடாமணி போன்ற நூல்களை அவர் அறிந்தது இப்படித்தான். சமஸ்கிருதமும் மலையாளமும் தெலுங்கும் இப்படியே அவருக்குப் பழகின. தாம் பெயரின்றி உணர்ந்ததற்கு நூல்கள் பெயர் வைத்திருந்ததைக் கண்டதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். மரபுவழிச் சீடன் நூலிலிருந்து அனுபவத்துக்குப் போவான். இவர் எதிர்த்திசையில் நடந்தார்.

1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பீரம் சேஷய்யர் என்ற நகராட்சி மேற்பார்வையாளர், ரமணர் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்கு வந்து, தாம் படித்துக்கொண்டிருந்த நூல்களில் ஐயம் கேட்டார். விவேகானந்தரின் ராஜயோகம் அவற்றுள் ஒன்று. அந்நூல் ஒரு திருப்புமுனை. சமயம் என்பது பரிசோதித்துப் பார்க்கத்தக்கது, அனுபவமே இறுதி ஆதாரம் என்ற வாதத்தை அறிவியல் தொனியில் முன்வைத்தது அது. விவேகானந்தர் சங்கரரின் நிலைப்பாட்டிலிருந்து இங்கேதான் விலகுகிறார் என்று அனந்தானந்த் ராம்பச்சன் விரிவாக வாதிட்டுள்ளார். சேஷய்யருக்கு ரமணர் எழுதித் தந்த விடைகளே பின்னர் விசார சங்கிரகம் என்ற நூலாயின. யோக உறுப்புகள் பற்றிய விளக்கம் அதில் மிகுந்திருப்பதற்குக் கேட்டவரின் அலமாரியே காரணம். 1902இல் வந்த சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த்துறை ஊழியர், தத்துவம் படித்த பட்டதாரி. அவர் கேட்டது நூல் ஐயம் அன்று, தம்மைப் பற்றிய கேள்வி. அந்த விடைகள் 1923இல் ‘நான் யார்?’ என அச்சேறின. பின்னர் ரமணரே அவற்றைக் கட்டுரை வடிவில் திருத்தியமைத்தார். நூல்கள் யாவும் மனத்தை அடக்கச் சொல்கின்றன என்று தெரிந்துகொண்டபின் முடிவின்றிப் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை என்பது அதன் கருத்துகளில் ஒன்று. நூலுக்கு இங்கே மதிப்பும் உண்டு, எல்லையும் உண்டு.

1907இல் காவ்யகண்ட கணபதி முனி வந்தது இதன் மறுபக்கம். சாத்திரங்களைக் கற்று மந்திரங்களைச் செபித்தும் தவம் என்னவென்று விளங்கவில்லை என்ற பெரும் பண்டிதரிடம், ‘நான்’ என்பது எழும் இடத்தைக் கவனிக்கச் சொன்னார் ரமணர். பண்டிதர் அடங்கினார், ஆனால் பாண்டித்தியத்தைக் கைவிடவில்லை. தாம் கேட்டறிந்ததைப் பதினெட்டு அத்தியாயங்களில் 300 சமஸ்கிருதச் சுலோகங்களாக்கி ரமண கீதை இயற்றினார். பகவத் கீதையின் சட்டகத்துக்குள் வாழும் ஒருவரின் உரையாடல் ஏறியது. நூல் வேண்டாதவர் என்று பெயரெடுத்தவரைச் சுற்றிப் புதிய நூல்மரபு இவ்வாறு தளிர்த்தது.

ரமணரும் அதில் பங்கு கொண்டார். அடியார் முருகனாரின் வேண்டுகோளால் 1927இல் முப்பது பாடல்கள் கொண்ட உபதேச உந்தியாரும், 1928இல் உள்ளது நாற்பதும் பிறந்தன. நாற்பதின் அனுபந்தத்தில் பல பாடல்கள் பழைய நூல்களின் தமிழாக்கம். தேவிகாலோத்தரம் போன்ற ஆகமப் பகுதிகளைத் தமிழாக்கினார்; பகவத் கீதையிலிருந்து 42 சுலோகங்களைத் தேர்ந்து தொகுத்தார். ஆசிரமத்தில் நாள்தோறும் வேத பாராயணம் நடந்தது. ரிபு கீதையைப் படிக்கச் சொன்னபோது பொருள் விளங்கவில்லை என்ற பெண் அடியார் ஒருவரிடம், விளங்காவிட்டாலும் பரவாயில்லை, படித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். கோவிலூர்ப் பாடமுறையில் இதற்கு இடமிராது. ஐயம் தீர்க்கும் கருவியாக இருந்த நூல் இங்கே மனத்தை அமைதிப்படுத்தும் ஓதலாகிறது. ரமணரின் தலைமுறையில் நிகழ்ந்த மாற்றங்களில் ஆராய்ச்சியாளர் அதிகம் பேசாதது இது.

1934இல் பால் பிரண்டனின் பயணநூல் வெளிவந்தபின் வாசகர் வட்டம் மாறியது. பிரண்டன் காட்டிய ரமணர் மௌனமாக அமர்ந்து பார்வையால் உணர்த்துபவர். பாராயணமும் தமிழ் நூல்களும் அந்தச் சித்திரத்தின் ஓரத்துக்குப் போய்விட்டன. 1944இல் ஜெர்மன் இந்தியவியலாளர் ஹைன்ரிஷ் சிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூல் உளவியலாளர் யுங்கின் முன்னுரையுடன் வந்தது. அதே ஆண்டு சாமர்செட் மாமின் நாவலும் திருவண்ணாமலைச் சாயல் கொண்ட ஒரு துறவியை மேலைநாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. அங்குள்ள வாசகருக்கு ரமணரின் உரையாடல் தொகுப்புகளே மூலநூல்களாயின. அவற்றில் கைவல்யமும் வாசிட்டமும் அடிக்கடி பேசப்படுவது கவனத்தில் தங்கவில்லை.

ரமணரைச் சந்தித்த எச். டபிள்யூ. எல். பூஞ்ஜா பிற்காலத்தில் லக்னோவில் நடத்திய கூட்டங்களிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவிய சத்சங்க ஆசிரியர்கள், நூலையும் நெடுநாள் சாதனையையும் பெரும்பாலும் கைவிட்டனர். இதற்கு எதிர்வினை தமிழ் மண்ணிலிருந்தே எழுந்தது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி, வேதாந்தம் அனுபவத்தை உண்டாக்கும் உத்தி அன்று, அறிவைத் தரும் பிரமாணம் என்று வலியுறுத்தினார். ஆன்மா எப்போதும் அனுபவத்தில் இருப்பதே. குறைவது அதைப் பற்றிய தெளிவு. அதை முறையான பாடமே தரும் என்பது அவர் வாதம். கோவை அருகே ஆனைகட்டியில் அவர் நிறுவிய குருகுலத்தில் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கி உபநிடதங்களையும் சங்கர பாஷ்யத்தையும் வரி வரியாகப் பாடம் கேட்கின்றனர்.