1.34 என்ற எண்: இனிப்பு மாத்திரையும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட இனிப்பூட்டி வழிகாட்டி, மலேசியத் தமிழரின் இனிப்புநீர் (நீரிழிவு) நோய் குறித்த எழுத்துகளில் ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிட்டது: தேநீரில் போடும் மாத்திரை நோயைத் தடுக்காது, வரவழைக்கும். நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையிலும் இதுவே ஒலிக்கிறது. அந்த ஆவணம் அவ்வாறு சொல்லவில்லை. அது சொல்வதையும் இத்தோட்டங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. இவ்விரண்டுமே இக்கட்டுரையின் வாதம்.

மாநில எண்ணைப் பற்றிய ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடலாம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். நெகிரி செம்பிலானில் அது 33.2, மாநிலங்களிலேயே மிக அதிகம். நாடு முழுவதிலும் உள்ள இந்தியரிடையே 31.4. பின்னிரு எண்களையும் அருகருகே வைத்து, மாநிலத்தின் எண்ணை உயர்த்தியவர்கள் தோட்டத் தமிழரே என்று முடிவு கட்டுவோர் உண்டு. மாநில மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ ஏழில் ஒருவர். அவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நோய் என்று கொண்டால், 33.2இல் அவர்களின் பங்கு சுமார் நான்கரைப் புள்ளிதான். எஞ்சியது முழுவதும் பிறரிடமிருந்தே வந்திருக்க வேண்டும். தோட்டம் என்ற தனிப்பிரிவோ இரண்டு எண்களிலும் இல்லை.

இனி 1.34. வழிகாட்டிக்கு அடிப்படையாக அமைந்த 2022ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு 283 ஆய்வுகளைத் திரட்டியது. நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகளில், இனிப்பூட்டி கலந்த பானங்களை அதிகம் குடித்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 1.23 மடங்காக இருந்தது. மாத்திரையாகவோ பொடியாகவோ தாமே கலந்துகொண்டவர்களிடம் 1.34 மடங்கு. தோட்டத்துத் தேநீருக்கு நெருக்கமான எண் இது என்பதால், மாத்திரைக்கு எதிரான வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அதே தொகுப்பாய்வில் குலுக்கல் முறைச் சோதனைகள் வேறொன்றைக் காட்டின: இனிப்பூட்டி பயன்படுத்தியவர்களின் எடை சராசரியாக 0.71 கிலோ குறைந்தது. சிறிய பலன், ஆனால் திசை நேர் எதிர்.

ஒரே ஆவணத்தில் எதிரெதிர்த் திசைகள் ஏன்? மாத்திரை டப்பா யார் வீட்டுக்கு வருகிறது என்று பார்த்தால் விளங்கும். கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) “சீனியைக் குறைங்க” என்று சொன்ன பிறகு வருகிறது. அண்ணனுக்குக் கால் விரலை எடுத்த பிறகு வருகிறது. உடம்பு பெருத்துவிட்டது என்று மகள் கவலைப்பட்ட பிறகு வருகிறது. நோய்ப் பாதையில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியவரே மாத்திரையைக் கையில் எடுக்கிறார். பத்தாண்டு கழித்து எண்ணிப் பார்க்கும்போது மாத்திரைக்காரர்களிடம் நோய் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. தொடக்க எடையைக் கணக்கில் கொண்டுதான் அந்த எண் பெறப்பட்டது என்று மறுமொழி வரும். ஒருநாள் எடையைக் கழிக்கலாம். ஐந்தாண்டாக ஏறிவந்த எடையையோ மருத்துவர் கொடுத்த எச்சரிக்கையையோ அவ்வாறு கழித்துவிட முடியாது. வழிகாட்டியை எழுதியவர்களும் இந்தச் சிக்கலை அறிந்தே, இனிப்பூட்டிக்கு எதிரான தம் பரிந்துரையை ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்று வகைப்படுத்தினர். மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுவது அந்தச் சொற்றொடரைத்தான்.

இதைவிட முக்கியமானது, வழிகாட்டி ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பது. அவர்களைப் பற்றிய நோய் மேலாண்மை அதன் ஆய்வு எல்லைக்குள் வரவே இல்லை. சிலர் இந்த விலக்கை அனுமதியாக வாசிக்கிறார்கள், அதுவும் தவறு. அது வெறும் மௌனம். அந்த மௌனத்துக்குள் அடங்குபவர்கள் யார் என்பதை மலேசியாவில் எளிதில் சொல்ல முடியாது. 2019 ஆய்வின் 18.3 விழுக்காட்டில் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் 9.4, அறியாதவர்கள் 8.9. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் தமக்கு நோயில்லை என்று நினைக்கிறார். தாளின்படி வழிகாட்டி அவருக்குப் பொருந்தும். அவரது இரத்தத்தின்படி பொருந்தாது. நோயறிதல் முழுமையாக நடக்கும் நாடுகளுக்கு இந்த எல்லைக்கோடு போதுமானதாக இருக்கலாம். தோட்டத்தில் அந்தக் கோட்டை யார் போடுவது? மாத்திரையா சீனியா என்ற விவாதத்துக்கு முன்பே விரல்நுனி இரத்தச் சோதனை நடந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விலக்கப்பட்டவர்களைப் பற்றி நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் டாக்டர் வி. மோகன் குழுவினர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் காப்பி, தேநீரில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் நடத்திய குலுக்கல் முறைச் சோதனை 2024இல் வெளியானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுக்ரலோஸ் எடுத்தவர்களிடம் எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றே குறைந்தன. பன்னிரண்டு வாரத்தைக் கொண்டு ஆயுள்காலத் தீங்கைத் தீர்ப்பிட முடியாதுதான். எனினும் 1.34ஐ நம்பி நோயாளியை மீண்டும் சீனிக்குத் திருப்பிவிடுவோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சென்னை முடிவை அப்படியே சிரம்பானுக்கு எடுத்துச் செல்வதிலும் இடர் உண்டு. அங்கே பாலில் தனியாகச் சீனி போடுகிறார்கள். சீனியை எடுத்தால் இனிப்பு முழுவதும் போய்விடும். இங்கே தேநீரின் இனிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கட்டிப்பால். இன்று டின்களில் விற்பது அதிகமும் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 10 கிராம் சீனி, அதாவது இரண்டு தேக்கரண்டிச் சீனி. கட்டிப்பால் தேநீரில் மாத்திரை போட்டால் அந்தப் பத்துக் கிராம் அப்படியே இருக்கும். பாலில்லாத தே ஓவில் போட்டால் சீனி முழுவதும் விலகும். பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) முன் இருட்டில் ஒரு குவளை, பசியாறும்போது இன்னொன்று, மாலையில் மற்றொன்று என்று பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து தொடரும் பழக்கத்தில் இந்த வேறுபாடு நாளொன்றுக்கு முப்பது கிராமாகிறது. மரம் வெட்டிய உடம்புக்கு அது எரிபொருளாக இருந்தது. நீலாய் தாமானில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உடம்புக்கு அப்படியல்ல. கட்டிப்பால் தேநீரில் மாத்திரை போடுபவரையும் தே ஓவில் போடுபவரையும் ‘மாத்திரை பயன்படுத்துவோர்’ என்ற ஒரே கட்டத்தில் அடைக்கும் எந்த ஆய்வும் மாத்திரையைப் பற்றி எதையும் அளக்கவில்லை.

புற்றுநோய் அச்சத்தை நீட்ட வேண்டியதில்லை. 2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ‘2பி’ பிரிவில் வைக்கப்பட்ட அதே நாளில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை உணவுச் சேர்க்கைகளுக்கான கூட்டுக்குழு மாற்றாமல் உறுதிசெய்தது. மாத்திரைக்குச் சுமார் 20 மில்லிகிராம் என்று கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் நூறு மாத்திரைக்கு மேல் போட்டால்தான் வரம்பைத் தொடுவார். குடல் நுண்ணுயிர் பற்றிய 2022ஆம் ஆண்டு இஸ்ரேலியச் சோதனை கவனத்துக்குரியது. சாக்கரினும் சுக்ரலோஸும் சர்க்கரை ஏற்புத்திறனைப் பாதித்தன என்று அது கண்டது. ஆனால் ஆரோக்கியமானவர்களிடம், இரண்டே வாரம் நடந்தது அது. நம் நோயாளிகளைப் பற்றிய சான்றாகாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள புட்டிப் பானங்களுக்கு மலேசியாவில் கலால் வரி உண்டு. வரியைத் தவிர்க்கச் சீனியைக் குறைத்து இனிப்பூட்டி சேர்ப்பது உற்பத்தியாளருக்கு எளிய வழி. அப்போது தோட்டத்துப் பள்ளிப்பிள்ளையும் எந்த எச்சரிக்கையும் பெறாமல், எதையும் தேர்ந்தெடுக்காமல் இனிப்பூட்டியைக் குடிக்கும். நோய்க்கு அஞ்சி எடுத்தவர், அறியாமல் குடித்தவர் என்ற பிரிவு நம் மண்ணிலேயே உருவாகக்கூடும், 1.34இன் புதிரை அவிழ்க்க ஏற்ற களம் இது. இங்கு நடக்கும் அடுத்த ஆய்வின் வினாத்தாளில் ‘இனிப்பூட்டி பயன்படுத்துகிறீர்களா’ என்ற கேள்வியோடு இன்னும் மூன்று வேண்டும்: எந்த ஆண்டு தொடங்கினீர்கள், யார் சொல்லித் தொடங்கினீர்கள், உங்கள் தேநீரில் கட்டிப்பால் உண்டா.